யாரும் கை வைக்கக் கூடாது

ரைஸ் மில்லில் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்ப்ரஸர் அறைக்குள் நுழைந்தால் 'உஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். பெரிய காற்றுத் தொட்டியின் அடியில் ஒரு சின்ன வால்வு. அதைக் கால்வாசி திறந்து வைத்து, கைப்பிடி நகராமல் இருக்கச் சணல் கயிற்றால் கட்டியும் வைத்திருந்தார்கள். காற்று பிய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கூடவே நாலு சொட்டுத் தண்ணீர்.

“இது எப்பலேருந்து இப்படி இருக்கு?” என்று ஃபோர்மேன் வைரக்கண்ணுவிடம் கேட்டேன்.

“மெஷினு வந்த நாள்லேருந்துங்க மேடம். அஞ்சு வருஷம் இருக்கும்.”

“நாள் பூராவுமா?”

“ஆமாங்க. அந்தச் சத்தம் கேட்டாதான் மெஷினு நல்லாருக்குன்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் பயம்.”

ஐந்து வருஷம். ஒரு ஆள் கூடவா கேட்கவில்லை? எங்கள் பக்கத்தில் மதகில் விரல்கனம் தண்ணீர் கசிந்தால் ஊரே கூடிவிடும். எவன் பலகையைத் தூக்கினான், எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று சாயங்காலம் வரைக்கும் பஞ்சாயத்து நடக்கும். இங்கே கரண்டைத் தின்று தின்று மெஷின் அழுத்திக் கொடுக்கிற காற்று ஐந்து வருஷமாகக் கசிகிறது, அதைக் கேட்க நாதி இல்லை.

குடவாசல் தாண்டி திருவாரூர் ரோட்டில் இருக்கிறது மில். முதலாளி ராஜ்குமார் பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்து, சொந்த நிலத்தில் கட்டியது. புழுங்கல் அரிசிதான் முக்கியமாக. அரைத்த அரிசி கடைசியாக கலர் சார்ட்டர் என்ற மெஷினுக்குள் விழும். அது ஒவ்வொரு அரிசியையும் கேமராவால் பார்த்து, கருப்பரிசியோ கல்லோ வந்தால் ஊசிமுனை அளவு காற்றை ஊதி வெளியே தள்ளிவிடும். அந்தக் காற்று கம்ப்ரஸரிலிருந்து வருகிறது. வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊரில் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அதை அழுத்தினால், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் வந்து தொட்டியின் அடியில் தங்கும். தங்கிய தண்ணீரை வெளியே எடுக்காவிட்டால் காற்றோடு சேர்ந்து சார்ட்டருக்குள் போய்விடும். எடுக்கத்தான் வேண்டும். அதற்காகத் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வால்வைத் திறந்தே போட்டுவைப்பது என்ன நியாயம்?

இதில் அக்கறைப்பட்டவர் மில்லில் ஒரே ஒருவர்தான் என்று பத்து நாளில் தெரிந்துகொண்டேன். சார்ட்டரை ஓட்டுகிற பூவம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அழுத்தம் குறைந்து சார்ட்டர் தடுமாறும்போது, யாரிடமும் சொல்லாமல் கம்ப்ரஸர் அறைக்கு வருவார். கயிற்றை அவிழ்ப்பார், வால்வை மூடுவார். அப்புறம் மணிக்கு ஒரு தடவை வந்து, பத்து எண்ணுகிற வரை திறந்து தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி மூடுவார். வேலை முடிந்து போகும்போது முன்னால் இருந்த மாதிரியே கயிற்றைக் கட்டிவிட்டுப் போவார், வைரக்கண்ணு சத்தம் போடுவார் என்று.

“உங்களுக்கு இத யாருக்கா சொல்லிக்குடுத்தது?”

“யாரு சொல்லணும் மேடம்? தொறந்தா கொஞ்சம் தண்ணி வருது, அப்பறம் வெறும் காத்துதான் வருது. வெறும் காத்த எதுக்கு விடணும்?”

ஐந்து வருஷம் மில் நடத்தினவருக்கும், ஃபோர்மேனுக்கும், வருஷா வருஷம் சர்வீஸுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்களுக்கும் வராத கேள்வி இது.

நான் முதலாளியிடம் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். “காத்துதானேம்மா” என்றார் முதலில். அப்புறம் யாரோ சொல்லக் கேட்டு, டைமர் வைத்த வடிகால் வால்வு ஒன்றை வாங்கலாம் என்றார். அது கடிகாரத்தைப் பார்த்துத் திறக்கும், தொட்டியைப் பார்க்காது. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரே மாதிரி திறந்து மூடும். எனக்கு அது வேண்டாம். மிதவை வைத்த வடிகால், டிரெய்ன் என்பார்கள், அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அதில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை மேலே வரும், வாய் திறக்கும், தண்ணீர் போகும். காற்று வெளியேறுவதற்கு முன்னால் மிதவை இறங்கி வாயை அடைத்துவிடும். அதற்குக் கரண்டும் வேண்டாம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் ஓடாத நாளில், முதலாளியைக் கம்ப்ரஸர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒரு மெஷினுக்கும் காற்று போகாதபடி எல்லா லைனையும் மூடினேன். அப்படியும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. “யாருக்காக சார் இது இப்ப ஓடுது?” என்று கேட்டேன். கயிற்றை அவிழ்த்து வால்வை மூடினேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் அடங்கியது. அவர் இரண்டாவது டீ குடித்து முடிக்கிற வரைக்கும் அது மறுபடி ஓடவே இல்லை.

“சாமி, போதும். வாங்கிப் போடுங்க” என்றார்.

போட்டேன். உரிக்காத தேங்காய் அளவில் ஒரு இரும்புக் குடுவை. தொட்டியிலிருந்து செங்குத்தாக இறங்குகிற குழாயில் பழைய வால்வை எடுத்துவிட்டுப் புது வால்வு, அதன் கீழே டிரெய்ன், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மேலே இருக்கிற வால்வு முழுதாகத் திறந்தே இருக்க வேண்டும், மீதியை டிரெய்ன் பார்த்துக்கொள்ளும். இரைச்சல் நின்ற முதல் நாள் வைரக்கண்ணு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார், மெஷின் படுத்துவிட்டது என்று. மெஷின் படுக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஓடினால் கால் மணி நேரம் ஓய்வு எடுத்தது. அதன் ஆயுளில் அதற்குக் கிடைத்த முதல் ஓய்வு.

வைரக்கண்ணுவுக்கு மனம் ஆறவில்லை. மூன்றாவது நாள் போய்ப் பார்த்தால் மறுபடியும் 'உஸ்ஸ்'. டிரெய்னுக்கு அடியில், வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கி, வெளியே வராதபடி ஒரு மரச்சில்லைச் செருகி வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஒரு தகரப் பலகையில் சிவப்புப் பெயின்டால் நானே எழுதி மாட்டினேன். 'யாரும் கை வைக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.' கீழே என் கையெழுத்து.

மதியம் பூவம்மாள் வந்து பலகையைப் படித்துவிட்டுக் கேட்டார். “நானுமாங்க மேடம்?”

“எல்லாரும்தான்க்கா. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கை வைப்பாங்க. இனிமே அது தானா பாத்துக்கும். நீங்க நிம்மதியா சார்ட்டரப் பாருங்க.”

“சரிங்க” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைப்பக்கம் வந்து நான் பார்க்கவில்லை. எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பெரிய மாலைகள் பாய்லருக்கும், உமி நீக்குகிற ஹல்லருக்கும் போயின. நான் என் காசில் சின்னதாக ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தேன், என் டிரெய்னுக்கு. அதில் மாலை நிற்கவே இல்லை, நழுவி நழுவிப் பக்கெட்டில் விழுந்தது. எப்படியோ ஒரு வழியாக மாட்டிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். “மேடம் புள்ளைக்கு மொத பொறந்தநாளு” என்று வைரக்கண்ணு கிண்டல் செய்தார். பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மில்லுக்கு இரண்டு நாள் லீவு.

அதிலிருந்து பன்னிரண்டாவது நாள் காலை, கூத்தாநல்லூரிலிருந்து ஒரு லாரி திரும்பி வந்தது. அங்கே மொத்தக் கடை வைத்திருக்கிற சமீர் பாய், எங்களிடம் ஐந்து வருஷமாக வாங்குகிறவர், மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்துவிட்டு இறக்கவே விடாமல் அனுப்பிவிட்டார். ராஜ்குமார் ஒரு கை அரிசியை அள்ளி, சரக்கு ஏற்றுகிற மேடையில் கொட்டினார். வெள்ளை அரிசி நடுவே கருப்பரிசி எண்ண முடியாத அளவுக்குக் கிடந்தது. நான் ஓடிப்போய் நின்றேன். லோடுமேன்கள் இருபது பேர், வைரக்கண்ணு, லாரி டிரைவர் எல்லாரும் நின்றார்கள்.

“பூவம்மா, இங்க வா” என்றார் ராஜ்குமார். “இது என்ன?”

“கருப்பரிசிங்க மொதலாளி.”

“தெரியுதுல்ல? ஓட்டும்போது தெரியலையா? கண்ணு எங்க இருந்துச்சு, போன்லயா?”

“சார்ட்டருக்குள்ள தண்ணி தெறிக்குதுங்க. கண்ணாடியெல்லாம் ஈரமாவுது. ஊதுற ஓட்ட சிக்கிக்குது. மூணு நாளா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.”

“யார்கிட்ட சொன்ன?”

பூவம்மாள் வாய் திறக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். மூன்று நாள் முன்னால் என்னிடம்தான் வந்து சொன்னார், “மேடம், காத்துல ஈரம் வருது” என்று. “ஐப்பசி மாசம்க்கா, ஈரம் இருக்கத்தான் செய்யும். தொடச்சிக்கிட்டு ஓட்டுங்க” என்று நான்தான் சொன்னேன்.

“என்கிட்டதான் சார் சொன்னாங்க” என்றேன். “அவங்க மேல தப்பு இருக்காது. நான் மெஷினப் பாக்கறேன்.”

ராஜ்குமார் என் பக்கம் திரும்பினார். குரல் தானாகத் தணிந்தது. “மெஷின்ல என்னம்மா பாக்கறது? தண்ணியெல்லாம் தானா போயிடும், இனிமே அத யாரும் பாக்கவே வேணாம்னு நீங்கதான சொன்னீங்க? உங்க மெஷின் நல்லாருக்கு. அப்ப ஆளுதான சரியில்ல?”

நான் அடித்த பெருமை அவருக்குச் சாட்சியாகிவிட்டது.

“நாளையிலேருந்து வரவேணாம்” என்று பூவம்மாளிடம் சொன்னார். “தூங்கிக்கிட்டு ஓட்டறவங்களுக்கு இங்க வேலை இல்ல. என் பேரு நாறுது.”

இருபது ஆண்கள் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூவம்மாள் மேடையில் சிதறிக் கிடந்த அரிசியை ஓரமாகக் கூட்டி ஒதுக்கினார். அப்புறம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மில் கொடுத்த நீலக் கோட்டு அவர் மேலேயே இருந்தது.

நான் ஆத்திரத்தோடு கம்ப்ரஸர் அறைக்குப் போனேன். யார் செய்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். வழியிலேயே வைரக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டேன். “என்ன செருகி வச்சீங்க இந்தத் தடவ? உங்களால ஒரு பொம்பள வேலை போச்சு.”

“அம்மா, எம்புள்ள மேல சத்தியமா இல்லைங்க. நீங்க போர்டு மாட்டுனதுலேருந்து நான் அந்த மூலைக்கே போவலைங்க. வாங்க, நீங்களே பாருங்க.”

தொட்டியை விரல் முட்டியால் தட்டினேன். கணகணவென்று ஒலிக்க வேண்டியது, இடுப்பு உயரம் வரைக்கும் 'தொப்தொப்' என்றது. உள்ளே தண்ணீர் நிறைந்து கிடந்தது. கீழே பக்கெட்டில் ஒரு சொட்டுக் கூட இல்லை, எலி மட்டும் வந்து போயிருந்தது. பட்டனில் மரச்சில்லும் இல்லை. டிரெய்ன் சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே என் சாமந்தி மாலை காய்ந்து சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பூஜை மாலை என்பதால் யாரும் எடுக்கவில்லை. பலகை இருந்ததால் கிட்டே போகவும் இல்லை.

மாலையைத் தூக்கினேன். வால்வின் கைப்பிடி குறுக்கே இருந்தது.

அந்த மாதிரி வால்வில் கைப்பிடி குழாயோடு ஒட்டி நேராக நின்றால் திறந்திருக்கிறது என்று பொருள். குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. படித்தவர், படிக்காதவர், வயலில் போர்வெல் மோட்டார் ஓட்டுகிறவர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பூஜை அன்றைக்கு மாலை நழுவி நழுவி விழுந்ததே, அப்போது நான் என்ன செய்தேன்? கைப்பிடி நேராகக் கீழே பார்த்துக்கொண்டு இருந்ததால்தானே நிற்கவில்லை என்று, அதைக் குறுக்கே திருப்பினேன். சுவரில் அடித்த ஆணி மாதிரி வாகாக நீட்டிக்கொண்டது. மாலையை அதில் மாட்டினேன். இரண்டு அடி பின்னால் போய் அழகு பார்த்தேன். வீட்டுக்குப் போய்விட்டேன். என் கையால், என் பலகைக்குக் கீழே, என் டிரெய்னின் கழுத்தை நானே நெரித்துவிட்டு, அதற்குப் பூவும் போட்டிருக்கிறேன்.

கைப்பிடியை நேராக்கிப் பட்டனையும் அமுக்கினேன். துருப்பிடித்த தண்ணீர் பழுப்பாகக் கொட்டியது. வைரக்கண்ணு பக்கெட் பக்கெட்டாக எடுத்துப்போய்க் கொட்டினார். பதினொன்றாவது பக்கெட்டில் தொட்டி காலியானது. அவர் மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“இத நான் உமிக்குழியில போட்டுடறேங்க. நாம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியவேணாம்.”

ஒரு நிமிஷம் நான் சும்மா நின்றேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு நிமிஷம் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் மாலையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போய், ராஜ்குமார் மேஜையில் வைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கத்தட்டும் என்று காத்திருந்தேன். நான் அவர் இடத்தில் இருந்தால் கத்தியிருப்பேன்.

அவர் சிரித்தார். நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

“மாலையா? சாமிக்குப் போட்ட மாலைதானே, போகட்டும். நீங்க எதுக்கும்மா இப்படி முகத்த வச்சிக்கிறீங்க? எல்லாருக்கும் நடக்கறதுதான். உக்காருங்க, டீ சொல்றேன்.”

அதே அரிசி. அதே லாரி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அது தூக்கம், திமிர், மில்லின் பேரை நாறடித்த குற்றம். என் கைக்கு வந்ததும் டீ சாப்பிட்டுச் சிரிக்கிற சமாச்சாரமாகிவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் கூட அப்படிச் சுட்டிருக்காது.

“அவங்களத் திட்டுனீங்களே சார். என்னைத் திட்டுங்க.”

“நீங்களும் அதுவும் ஒண்ணா? நீங்க இன்ஜினியர். சந்தானகிருஷ்ணன் சார் பொண்ணு. சார்கிட்ட கணக்குப் படிச்சவன் நான், உங்கள நிக்க வச்சுக் கேப்பனா?”

“பூவம்மா அக்காவும் எங்கப்பாகிட்டதான் படிச்சாங்க. உங்க கிளாஸ்தான். மறந்துட்டீங்களா?”

அவர் பேப்பர் வெயிட்டை உருட்டினார். “சரி, நாளைக்கு வரச் சொல்லுவோம். வைரக்கண்ணு போய்ச் சொல்லட்டும். மெஷின்ல ஏதோ கோளாறுன்னு சொன்னாப் போதும். உங்க பேரு வேணாம். அப்பறம் ஆளுங்க உங்கள மதிக்கமாட்டாங்க.”

அவர் கணக்குப்படி எனக்கு மதிப்பு மிஞ்ச வேண்டும். அதற்குப் பூவம்மாள் சும்மா ஒரு கோளாறில் மாட்டிக்கொண்டவராக, முதலாளி மனமிரங்கிக் கூப்பிட்டவராக வந்து நிற்க வேண்டும். டீ வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பூவம்மாள் வீட்டுக்குப் போனேன். மில்லிலிருந்து மூன்று கிலோமீட்டர். சம்பா நட்டு முடிந்து தண்ணீர் நிற்கிற வயல்களுக்கு நடுவே சின்னத் தெரு. பூவம்மாள் வாசல் கொடியில் நீலக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடலாம்னு இருந்தேங்க. உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாலை, கைப்பிடி, பதினொரு பக்கெட். அவர் கோட்டின் கையை இழுத்து நேராக்கிக்கொண்டே கேட்டார்.

“தெரியுங்க மேடம்” என்றார்.

“என்ன தெரியும்?”

“கைப்பிடி குறுக்க நிக்கறது. நேத்துக் காலையில வாசப்படியில நின்னு குனிஞ்சு பாத்தேன். மாலைக்கு அடியில நுனி தெரிஞ்சுது. அந்த எடத்துல அஞ்சு வருஷமா கை வச்சவ நான், எனக்குத் தெரியாதா?”

“பாத்துட்டு ஏன்க்கா சொல்லல?”

“வந்தேனே. நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. அப்பறம் வாங்கன்னு கைய ஆட்டுனீங்க.”

நினைவு வந்தது. கும்பகோணத்து மில்காரர் ஒருவரிடம் என் டிரெய்னின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு நல்லது என்று.

“நீங்களே திருப்பி விட்டிருக்கலாமேக்கா. கால்வாசி சுத்துதானே.”

“போர்டு மாட்டியிருந்தீங்களே.”

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரல்.

“காலையில அத்தன பேரு முன்னால கேட்டாரே, அப்பவாவது என் பேரச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நம்புவாரா? தப்பையும் பண்ணிட்டுப் படிச்சவங்க மேல பழியப் போடுறியான்னு அதுக்கும் சேத்துத் திட்டுவாரு.”

டீ சொல்கிறேன் என்று சிரித்த ராஜ்குமாரின் முகம் என் கண் முன்னால் வந்தது. பூவம்மாள் சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட மறுக்க என்னால் முடியவில்லை.

“நாளைக்கு வாங்கக்கா. வரச் சொல்லிட்டாரு.”

“வர்றேங்க. ஆனா யாரோ வந்து சொல்லி வரமாட்டேன். எந்த எடத்துல வச்சுப் போவச் சொன்னாரோ, அந்த எடத்துல வச்சு வரச் சொல்லட்டும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னால் ராஜ்குமாரிடம் அதைச் சொன்னேன். “மொதலாளி போய் மேடையில நின்னு கூப்புடணுமா? அப்பறம் நாளைக்கு ஒவ்வொருத்தனும் கேப்பான்” என்றார். நீங்கள் பேசாவிட்டால் நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, கம்ப்ரஸர் அறைக்குப் போய்ப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தேன். ஷிப்ட் மாறுகிற நேரம், எல்லாரும் இருந்தார்கள். பூவம்மாள் கேட் அருகே நின்றார். கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“நேத்து வந்த கருப்பரிசிக்குக் காரணம் நான்” என்றேன். “ஆயுத பூஜைக்கு மாலை மாட்டறதுக்காக வால்வ மூடிட்டுத் தொறக்க மறந்தது நான். யாரும் கை வைக்கக் கூடாதுன்னு எழுதி மாட்டுனதும் நான். பூவம்மா அக்கா வந்து வந்து சொன்னாங்க, நான் காதுல வாங்கல.”

அப்புறம் ஒரு லோடுமேன் களுக்கென்று சிரித்தார். பின்னாலேயே எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்கள். “விடுங்க மேடம், சாமிக்குத்தான போட்டீங்க” என்றார் ஒருவர். “யாருதான் மறக்கல?” என்றார் இன்னொருவர். வைரக்கண்ணு முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அரை நிமிஷத்தில் என்னை மன்னித்துவிட்டார்கள். நான் கேட்கக்கூட இல்லை.

“நேத்து எனக்கு யாரும் இப்படிச் சொல்லலையே” என்றார் பூவம்மாள்.

கேட்டிலிருந்து அவர் சத்தமாகக்கூடப் பேசவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடியும் இருபது பேரும் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். ஆபீஸ் வாசலில் ராஜ்குமார் வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். கார் சாவியைக் கையில் திருகிக்கொண்டு மேடை வரைக்கும் வந்தார்.

“பூவம்மா, உள்ள வந்து சார்ட்டரப் பாரு.”

அவர் அசையவில்லை. “தூங்கிக்கிட்டு ஓட்டறேன்னு சொன்னீங்க மொதலாளி.”

“அதான் வரச் சொல்றேன்ல?”

“நான் தூங்கலைங்க.”

சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. லாரி ஒன்று ஹார்ன் அடித்தது, யாரும் திரும்பவில்லை.

“தூங்கல” என்றார் ராஜ்குமார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். “நான் சொன்னது தப்பு. வா.”

பூவம்மாள் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். சார்ட்டர் பக்கம் போகாமல் நேராகக் கம்ப்ரஸர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். குழாய்க்கு முன்னால் குனிந்தவர், கையை நீட்டாமல் அப்படியே நின்றார். பலகை இருந்த இடத்தில் சுவரில் இரண்டு ஆணி ஓட்டைதான் இருந்தது. பலகை என் கையில் இருந்தது.

“தொடலாமா மேடம்?” என்று கேட்டார்.

அதில் கேலி இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நகர்ந்து வழிவிட்டேன். அவர் கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், பட்டனை அமுக்கினார். அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அப்புறம் காற்று வருவதற்குள் விட்டுவிட்டார். தொட்டியை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

“தண்ணி இல்ல” என்றார். “நான் போய் சார்ட்டரப் போடறேன்.”